பாலத்து மேல நின்னா பாலம் தெரியாது

பாம்பன் டூர் போய்ட்டு வந்த பசங்க நம்ம குரூப்பில் கொட்டிய படங்கள் நூறைத் தாண்டும். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்த முகம், காற்றில் பறக்கிற முடி, கூலிங் கிளாஸ், பின்னால் நீலமாக ஒரு பட்டை. அங்கே ஒரு பாலம் இருந்தது என்பதற்குச் சாட்சியாக இருந்த படங்கள் மூன்றோ நாலோதான். "கடல்ல எடுத்ததா, மெரினாவா?" என்று என் தங்கச்சி கேட்டாள். அவள் மேல் தப்பில்லை.

காரணம் ரொம்ப சிம்பிள். எல்லோரும் பாலத்து மேலேயே நின்று எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே நின்னுக்கிட்டு வீட்டை எடுக்க முடியுமா? லண்டன் டவர் பிரிட்ஜைப் பார்க்கப் போகிறவர்கள் நல்ல படத்துக்காகப் பக்கத்தில் இருக்கும் லண்டன் பிரிட்ஜில் போய் நிற்பார்கள். சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பனிமூட்டத்துக்கு மேலே தலை நீட்டும் படங்கள் எதிர்க்கரைக் குன்றின் மேலிருந்து எடுத்தவை. பாலத்தை எடுக்கணும்னா முதல் வேலை பாலத்தை விட்டு இறங்குவது. கேமரா எது, ஃபோன் எது என்பதெல்லாம் அதற்கப்புறம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது எந்த ஊர் உலகப் பாலத்திலும் இல்லை. எங்க ஓரிக்கைப் பாலத்தில். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற ரோட்டில் பாலாற்றைத் தாண்டுகிற பாலம். யாரும் அதைப் பார்க்க டூர் வருவதில்லை. மணிமண்டபத்துக்கு வருகிறவர்கள் கருங்கல் தூண்களை எடுத்துவிட்டு அப்படியே வண்டி ஏறிவிடுவார்கள். அழகுப் போட்டியில் நிற்கிற பாலமும் இல்லை அது. ஆனால் பழகிக்கொள்வதற்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தினமும் இருக்கும், டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, சொதப்பினால் நாளைக்கும் போகலாம்.

ஒரு மோசமான படம்

2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போ ஸ்கூல். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகா, ஆந்திரா தாண்டி 348 கி.மீ. ஓடி வயலூர் பக்கம் கடலில் சேருகிற ஆறு என்று பாடத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்ததெல்லாம் மணல், கோரை, சீமைக் கருவேலம். அன்றைக்கு அப்பா தறியை நிறுத்திவிட்டு, "வாடா, இது மாதிரி மறுபடி எப்போ வருமோ"ன்னு டிவிஎஸ்-ல் கூட்டிக்கொண்டு போனார். ஊரே அங்கே நின்றது.

அப்பா ஃபோனை வாங்கி நானும் ஒரு படம் எடுத்தேன். இன்னும் வைத்திருக்கிறேன். படம் முழுக்கக் காபி கலரில் தண்ணீர். கொஞ்சம் சாய்ந்த அடிவானம். ஓரத்தில் யாரோ ஒருத்தருடைய முழங்கை. அவ்வளவுதான். போன வருஷம் ஹைட்ராலிக்ஸ் கிளாஸில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் படத்தை வைத்து அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியிருந்தது என்று கணக்குப் போடலாமே என்று தோன்றியது. எடுத்துப் பார்த்தால் முடியவில்லை. படத்தில் ஒரு தூண்கூட இல்லை, கரை இல்லை, மரம் இல்லை. அளவு சொல்ல எதுவுமே இல்லாத வெறும் தண்ணீர்.

ஒரே ஒரு தூண் ஃபிரேமுக்குள் இருந்திருந்தால் போதும். அந்தத் தூண் வறண்ட காலத்தில் மணலுக்கு மேல் 8 மீட்டர் நிற்கிறது, அதே இடத்திலிருந்து எடுத்த படத்தில் அது 400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு 2 செ.மீ. வெள்ளப் படத்தில் அந்தத் தூணில் 150 பிக்சல் மறைந்திருந்தால், தண்ணீர் மணல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டர். எட்டாம் வகுப்புக் கணக்கு. அதைப் போட முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து, எந்தப் பாலத்தை எடுத்தாலும் அளவு தெரிகிற ஒரு பொருள் உள்ளே இருக்கிற மாதிரி ஒரு படமாவது எடுத்துவிடுவேன். ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு பஸ். அழகுக்கும் அதுதான் உதவுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. தூணடியில் மாடு மேய்த்துக்கொண்டு ஒருத்தர் நிற்கும்போதுதான் தூண் எவ்வளவு பெரிசு என்று பார்க்கிறவனுக்கு உறைக்கும்.

சுமை போகிற வழியே போங்க

நாம என்ஜினியரிங் படிக்கிறதுல ஒரு லாபம் இருக்கு. மற்றவர்கள் பாலத்தை ஒரு பொருளாகப் பார்ப்பார்கள். நமக்கு அது சுமையைத் தரைக்குக் கொண்டுபோகிற ஒரு வழி. அந்த வழி எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ, அங்கே போய் நின்றால் படம் பாதி முடிந்த மாதிரி.

திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் இருக்கிற சுலோச்சன முதலியார் பாலத்தை எடுத்துக்கோங்க. 1843-ல் திறந்தது. சுலோச்சன முதலியார் என்கிற அதிகாரி சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது வளைவுப் பாலம். சுமை முழுக்க வளைவு வழியாக அமுங்கி அமுங்கித் தூணுக்கு இறங்குகிறது. மேலே ரோட்டில் நின்றால் அந்த வளைவு ஒன்றுகூடத் தெரியாது, ஷேர் ஆட்டோதான் தெரியும். ஆற்றோரம் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்கு ஃபோனைத் தாழ்த்திப் பிடித்தால் அரை வட்டம் தண்ணீரில் விழுந்து முழு வட்டமாகும். வளைவுப் பாலத்துக்கு இந்தத் தாழ்ந்த கோணத்தை அடிச்சுக்க எதுவும் இல்லை. தண்ணீர் அசையாமல் இருக்கணும், அதனால் காற்று எழுவதற்கு முன் விடியற்காலையில் போகணும். முழங்கால் உயரத்தில் எடுத்த படத்துக்கும் தண்ணீரை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் எடுத்த படத்துக்கும் பிரதிபலிப்பில் இருக்கிற வித்தியாசத்தை ஒரு தடவை செய்து பாருங்கள்.

சென்னை நேப்பியர் பாலம் வேற கதை. கூவம் கடலில் சேருகிற இடத்தில் 1869-ல் வந்தது, கவர்னர் நேப்பியர் பெயரில். இன்று நாம் பார்க்கிற வில் வடிவம் பிற்பாடு வந்தது. அதன் வளைவு ரோட்டுக்கு மேலே நிற்கிறது, கீழே நாண் மாதிரி டெக் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதாவது சுமை போகிற வழி தலைக்கு மேலே ஓடுகிறது. அதனால் இந்தப் பாலத்துக்கு மட்டும் நான் தலைப்பில் சொன்னதை மாற்றிக்கொள்ளலாம். நடைபாதையில் நின்று வில்களின் வரிசையை நீளவாக்கில் பார்த்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கி நிற்கும். 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், ஞாபகம் இருக்கும். ஊரே போய் எடுத்தது. அந்தக் கட்டங்களை நேருக்கு நேர் எடுத்த படங்களைவிட, ஓரத்தில் நின்று கட்டங்கள் தூரத்தில் சுருங்கிக்கொண்டே போகிற மாதிரி எடுத்த படங்கள்தான் கண்ணில் நின்றன.

சுருங்கிக்கொண்டே போவது என்றதும் எங்க தெரு ஞாபகம் வருகிறது. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு முனையில் குத்துக்காலிட்டு, கண்ணை நூல் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான இழையும் தெருக்கோடியில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். எழுந்து நின்று பார்த்தால் அது வெறும் மஞ்சள் துணி மாதிரி. கேமரா வாங்குவதற்கு முன்பே பர்ஸ்பெக்டிவ் எனக்குத் தெரிந்தது இப்படித்தான். பாலத்துக்கும் இதேதான். கண் மட்டத்தை விட்டு வெளியே வாங்க. உட்காருங்க, இல்லையென்றால் ஏறுங்க.

ஓரிக்கை மாதிரி தூண் மேல் நேராகக் கிடக்கிற சாதாரணப் பாலங்கள்தான் தமிழ்நாட்டில் நிறைய. பக்கவாட்டில் எடுத்தால் பூரானுக்குக் கால் முளைத்த மாதிரிதான் வரும். அதற்கு வழி, கீழே இறங்கி அடிப்பக்கம் போவது. டெக்கின் அடிவயிற்றையும் தூண் வரிசையையும் சேர்த்து எடுத்தால் கோவில் பிராகாரம் மாதிரி ஆழம் கிடைக்கும். கடைசித் தூணுக்குப் பின்னால் வெளிச்சம் தெரியணும். நடுவில் யாராவது நடந்து வரும்வரை காத்திருங்கள். எனக்கு ஒரு தடவை தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பாட்டி வந்தார். எடுத்துவிட்டுக் காட்டினேன். "என்னைய எதுக்குப்பா, கோவிலைப் போய் எடு" என்றார். நான் எடுத்ததில் இன்றுவரை அதுதான் நல்ல படம். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அழித்திருப்பேன். கேட்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

பாம்பனுக்கு வருகிறேன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கை மாதிரி மேலே விரிந்து கப்பலுக்கு வழி விடும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. பக்கத்தில் எழுந்த புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே கிடைமட்டமாக, லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. பழைய பாலத்தின் அழகு சாய்ந்த கோடுகளில் இருந்தது. புதுசுடையது முழுக்க நெட்டுக்குத்துக் கோடு. நெட்டுக்குத்துக் கோடு இருக்கிற இடத்தில் ஃபோனை அண்ணாந்து பிடித்தீர்கள் என்றால் கோபுரம் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்து குடிகாரர்கள் மாதிரி நிற்கும். ஃபோனைத் தரைக்குச் செங்குத்தாக வையுங்கள், கிரிட் கோட்டை ஆன் செய்யுங்கள். உயரம் போதவில்லை என்றால் பின்னால் நடங்கள். 0.5 எக்ஸ் லென்ஸைத் தொடாதீர்கள், அது ஓரத்தில் இருக்கிற எல்லாவற்றையும் இழுத்துவிடும். தள்ளிப் போய் 2 எக்ஸில் எடுப்பது எப்போதும் நல்லது. 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்துதான் எல்லோரும் எடுக்கிறார்கள். அங்கே வண்டி நிறுத்தினால் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் தொல்லை. இரண்டு கரையிலும் இறங்கிக் கடலோரம் நடந்தால் பாலத்தைக் கீழிருந்து பார்க்கலாம், மீன்பிடிப் படகுகளும் ஃபிரேமில் வரும்.

சூரியன் எந்தப் பக்கம்?

காலை மாலை வெளிச்சம் நல்லது என்று எல்லா யூடியூப் அண்ணன்களும் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாதது, பாலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பார்க்கணும் என்பது. மேப்பைத் திறந்தால் பத்து செகண்டில் தெரிந்துவிடும்.

பாலாறு நம்ம பக்கம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் ஓரிக்கைப் பாலம் வடக்கு தெற்கு. காலையில் கிழக்கு முகத்தில், அதாவது நீர் போகிற பக்கத்தில், வெயில் நேராக விழும். சாயங்காலம் மேற்கு முகத்தில். கிழக்கே மணலில் நின்றுகொண்டு காலையில் எடுத்தால் தூணின் ஒவ்வொரு சொரசொரப்பும் தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் பாலம் கறுப்பு நிழலாகி, பின்னால் வானம் சிவக்கும், மேலே போகிற சைக்கிள்காரர் காகிதத்தில் வெட்டி ஒட்டிய மாதிரி தெரிவார். நிழலுரு வேண்டுமென்றால் வானத்தில் விரலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கணும். இல்லையென்றால் ஃபோன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் தூக்கிக் கொடுத்துவிடும்.

கிழக்கு மேற்காக ஓடுகிற பாலம் என்றால் கொஞ்சம் சிக்கல். நெல்லைப் பாலம் ஏறக்குறைய அப்படித்தான், டவுனிலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம். பாம்பனும் அப்படித்தான். அங்கே காலையும் மாலையும் சூரியன் பாலத்தின் நுனிப் பக்கமே நிற்கும். எந்த முகத்தில் வெளிச்சம் விழும் என்பது மாசத்தைப் பொறுத்தது. நம்ம ஊர் அட்சரேகையில் ஜூன் கடைசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி. ஆக மார்ச் 21-லிருந்து செப்டம்பர் 23 வரை காலை மாலை வெளிச்சம் பாலத்தின் வடக்கு முகத்துக்கு, மீதி ஆறு மாசம் தெற்கு முகத்துக்கு. செமஸ்டர் லீவ் எப்போது என்று பார்த்து எந்தக் கரையில் நிற்கணும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்யலாம். ராமேஸ்வரம் வரைக்கும் பஸ்ஸில் போய் இறங்கி, "ஐயோ, வெயில் அந்தப் பக்கம் இருக்கு" என்று நிற்க வேண்டியதில்லை.

ஒரு கொசுறு. பௌர்ணமியன்று சூரியன் மேற்கில் விழுகிற நேரத்தில் நிலா கிழக்கில் எழும். ஓரிக்கைப் பாலத்துக்கு மேற்கே மணலில் நின்றால் பாலத்தின் முகத்தில் கடைசி வெயில், பாலத்துக்குப் பின்னால் நிலா. பௌர்ணமிக்கு முந்தின நாள் இன்னும் நல்லது. நிலா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துவிடும், இருட்டாகாது. நிலா நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். ஒரு பொருளின் உயரத்தைப்போல் 110 மடங்கு தூரத்தில் நின்றால் அது நிலா அளவுக்கே தெரியும். பஸ் 3 மீட்டர் உயரம் என்றால் 330 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யணும், அப்போது நிலாவும் பஸ்ஸும் ஒரே சைஸ். கிட்டப் போய் நின்றால் பஸ் பெரிசாகும், நிலா பொட்டுக்கடலை. இந்தக் கணக்கு தெரிந்த நாளில் நான் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பௌர்ணமியன்று மேகம். கணக்குக்கும் மேகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சேர்த்துக் கற்றோம்.

ராத்திரி, ஆடாத இடம்

சூரியன் மறைந்த பின் வானம் முழுக் கறுப்பாவதற்கு முன் ஒரு அடர்நீலம் வரும். நம்ம ஊரில் அது இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அதிகம். ஐரோப்பாக்காரன் வீடியோவில் நிதானமாக டீ குடித்துவிட்டு எடுப்பான், அவன் ஊரில் அந்தி இழுக்கும். நாம் ட்ரைபாடை விரிப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்து, ஃபிரேம் கட்டி, தயாராக நில்லுங்கள். நேப்பியர் மாதிரி கலர் விளக்கு போட்ட பாலங்களுக்கு இந்த நேரம்தான். முழு இருட்டில் எடுத்தால் விளக்கு மட்டும் வெளுத்துப்போய் பாலம் காணாமல் போகும். அப்படியும் விளக்கு எரிந்து தெரிந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி, ஒன்றரைப் படி குறையுங்கள்.

வண்டி விளக்குகள் கோடுகளாக ஓடுகிற படம் வேண்டுமா? ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 10 செகண்டுக்கு மேல், டைமர் 2 செகண்ட். கையால் பட்டனை அமுக்கினாலே ஆடிவிடும் என்பதால்தான் டைமர். எத்தனை செகண்ட் என்பதற்கும் கணக்கு இருக்கு. 40 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் ஓடும். ஃபிரேமில் தெரிகிற பால நீளம் 300 மீட்டர் என்றால் கோடு முழுசாக வர 27 செகண்ட் திறந்து வைக்கணும். 10 செகண்டில் எடுத்தால் பாதியில் அறுந்த நூல் மாதிரி இருக்கும்.

இதில் நான் மூன்று வாரம் முட்டிக்கொண்ட ஒரு விஷயம் இருக்கு. அகலமான நடைபாதை உள்ள ஒரு பாலத்தில் ட்ரைபாட் வைத்து எடுத்தேன். எல்லாப் படமும் மங்கல். ட்ரைபாட் லூஸ் என்று நினைத்து மாற்றினேன். மறுபடியும் மங்கல். அப்புறம் ஒரு லாரி போனபோது காலுக்குக் கீழே அதிர்வதை உணர்ந்தேன். டெக் ஆடுகிறது! ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் மார்க்குக்காக வரைந்த அதே டிஃப்ளெக்ஷன் கர்வ்தான். இரண்டு தூணுக்கு நடுவில் வளைவு அதிகம், தூணுக்கு நேர் மேலே ஏறக்குறைய இல்லை. ட்ரைபாடைத் தூக்கித் தூணுக்கு நேர் மேலே வைத்தேன். படம் கத்தி மாதிரி வந்தது. தூண் எங்கே என்று மேலே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ரோட்டில் குறுக்கே ஓடுகிற எக்ஸ்பேன்ஷன் ஜாயின்ட்டைப் பாருங்கள், வண்டி ஏறி இறங்கும்போது டக்-டக் என்று சத்தம் வருகிற இடம். பெரும்பாலும் அதற்குக் கீழேதான் தூண். ஜாயின்ட்டை விட்டு ஓரடி தள்ளி வையுங்கள், அதன் மேலேயே வைத்தால் சக்கரம் மோதுகிற அதிர்வு வரும்.

உயிரோடு இருந்தாத்தான் அப்லோடு

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். போன டிசம்பரில் நானும் கிளாஸ்மேட் ஒருத்தனும் ஒரு பாலத்துக்குப் போனோம். நடைபாதை இல்லாத பாலம். நான் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன், அவன் என்னை எடுத்தான். "இன்னும் கொஞ்சம், வானம் வரணும்டா" என்று அவன் பின்னால் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. கண் முழுக்க ஸ்கிரீனில். நான் முகத்தைச் சரி செய்துகொண்டு நின்றேன். ஹாரன் சத்தம் கேட்டபோது லாரி அவன் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் போனது. காற்றில் அவன் சட்டை ஒட்டிப் பிரிந்தது. ஃபோன் கீழே விழுந்து ஸ்கிரீன் போனது. இரண்டு பேரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் டீக்கடை பெஞ்சில் பதினைந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த நேரத்தில் அந்த ஃபிரேம் சரியாக இருந்தது என்பதுதான் பயங்கரம். படம் நல்லா வரும்போதுதான் கால் பின்னால் போகும்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். ஒருத்தர் எடுத்தால் இன்னொருத்தர் வண்டியைப் பார்க்கணும், ஃபோனைப் பார்க்கக் கூடாது. நடைபாதை இல்லாத பாலத்தில் மேலே நின்று எடுப்பதே இல்லை. இரண்டு பேராக மட்டும் போய் ஒருத்தரை ஒருத்தர் எடுக்கணும் என்றால் கீழே இறங்கிவிடுவோம்.

கீழேயும் யோசிக்கணும். மணல் அள்ளிய பள்ளங்கள் பாலாற்றில் நிறைய, தண்ணீர் ஓடும்போது மேலே சமமாகத் தெரியும், உள்ளே ஆள் ஆழம். தண்ணீர் வருகிற நாளில் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம், கரையிலிருந்து ஜூம் செய்யுங்கள். ரயில் பாலத்தில் தண்டவாளத்தில் ஏறுவது 1989 ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் குற்றம், ஆறு மாசம் வரை ஜெயில் இருக்கு. ட்ரோன் வைத்திருக்கிறவர்கள் பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை மேப்பில் அந்த இடம் பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கோங்க.

அடுத்த வருஷமும் அதே இடத்தில்

திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இருந்தது. புதுப் பாலம் வந்த பிறகு அதில் வண்டி போகவில்லை, மக்கள் நடக்கப் போவார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் இறங்கி ஒரு பகுதி உடைந்து ஆற்றில் போனது. அந்த ஊர்க்காரர்களிடம் அதன் மேல் நின்று எடுத்த செல்ஃபி எவ்வளவோ இருக்கும். அதன் தூண்களின் அடியைக் காட்டுகிற படம் எத்தனை பேரிடம் இருக்கும்?

தூணடியில் மணல் அரித்துக்கொண்டு போவதை ஸ்கவர் என்று படிக்கிறோம். ஆற்று மட்டம் இறங்க இறங்கத் தூணின் அஸ்திவாரம் வெளியே வரும். ஒரு நாளில் பார்த்தால் தெரியாது. நாலு வருஷப் படங்களை அடுக்கி வைத்தால் தெரியும். அதனால் நான் ஓரிக்கையில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். கரையில் ஒரு பனைமரம், அதில் முதுகை ஒட்டி நின்று, ஃபோனை நெஞ்சு உயரத்தில், 2 எக்ஸ். கரையிலிருந்து எண்ணினால் வருகிற நாலாவது தூண் ஃபிரேமின் நடுவில். மாசத்துக்கு ஒரு படம், முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு. பழைய படத்தை ஃபோனில் திறந்து, தூணின் விளிம்பும் பின்னால் இருக்கிற மரமும் ஒரே உறவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பேன். வீட்டுக்கு வந்து புதுப் படத்தைப் பாதி ஒளிபுகும்படி பழையதன் மேல் வைத்தால் மணல் கோடு நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதுவரை பதினோரு படம். ஜனவரியில் தண்ணீர் கொஞ்சம் ஓடுகிறது, மே மாசத்தில் தூணடியில் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஸ்டம்ப்புக்குப் பதில் தூண். லைக்குக்காகப் போட்டால் ஒரு படமும் ஓடாது. அப்பா மட்டும் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "இந்தத் தூண்ல அந்த வெள்ளத்துக் கறை இன்னும் இருக்கு பாரு" என்று ஒரு கோட்டைக் காட்டினார். நான் பதினோரு மாசமாக எடுக்கிறேன், கவனிக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு டேப் எடுத்துக்கொண்டு போகணும்.

உங்க ஊரில் ஒரு பாலம் இருக்கும். கல்பாலமோ, கால்வாய்ப் பாலமோ, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஏறுகிற மேம்பாலமோ. இந்த லீவில் ஒரு காலையும் ஒரு சாயங்காலமும் போய்ப் பாருங்க. படத்தை இதழுக்கு அனுப்பும்போது தேதி, மணி, எங்கே நின்று எடுத்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். முகம் இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஒரு தூணாவது தெரியணும்.